யுங்கே தெருவின் தெற்கு வாசல்

யுங்கே தெரு, சான் எலாதியோ
சாந்தியாகோ, மே 3, 2022

குடியிருப்போர் தொடர்பு அலுவலர் திரு. இத்தாலோ கார்வஹால் அவர்களுக்கு,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை. அதனால் உன் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன். போனில் உன்னை பிளாக் செய்தது நான்தான், தெரிந்தேதான் செய்தேன். போனில் நீ வழவழவென்று பேசியே ஆளைக் கரைத்துவிடுவாய். இந்தக் கடிதத்தை உங்கள் மெட்ரோ தகரவேலியில் தொங்கும் புகார்ப் பெட்டியில் போடப்போகிறேன். அதைத் திறந்து படிப்பதுதானே உன் உத்தியோகம்? படி.

இன்று காலை பார்லரில் சுனில்தாவுக்கு டை பூசிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏண்டி எதெல்மிரா, மெட்ரோவுக்கு நம்ம பக்கம் வாசலே கிடையாதாமே?"

"யாரு சொன்னா?"

"ரொட்டிக்கடையில பூரா இதே பேச்சுதான். வடக்குப் பக்கம் மட்டும்தானாம், அந்தப் புது அடுக்குமாடி ஆளுங்களுக்கு. ஏன், உன் தம்பி உன்கிட்டகூடச் சொல்லலையா?"

பிரஷ் அப்படியே கையில் நின்றுவிட்டது. டை அவள் காதில் வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

நான்கு வருடமாக உங்கள் வேலி என் வாசலுக்கு எதிரே நிற்கிறது. காலையில் துடைத்த கண்ணாடியில் மதியத்துக்குள் சிமெண்டுத் தூசி. துளைபோடும் இயந்திரம் ஓடும்போது கத்தரிக்கோல் தானாக மேஜையில் நடக்கிறது. இந்தத் தெருவில் யாராவது சண்டைக்கு வந்தார்களா? ஏன் வரவில்லை? நீ வீடு வீடாக ஏறி, எல்லார் வீட்டுத் தேநீரையும் குடித்து, அவகாடோ தடவிய ரொட்டியைத் தின்றுவிட்டு, அந்த வண்ணப்படத்தை விரித்துக் காட்டினாய். "பாருங்க, ரெண்டு வாசல். ஒண்ணு வடக்க, தோல் ஆலை இருந்த இடத்துல. இன்னொண்ணு தெக்க, நம்ம கம்பி ஆலை முற்றத்துல. இனிமே நடுவுல ஓடுற அந்த லாரி ரோட்டைக் கடக்கவே வேண்டாம், பூமிக்கு அடியிலயே போயிடலாம்" என்றாய்.

போன குளிர்காலத்தில் சுனில்தாவின் புருஷன் பவுதிலியோ அந்த ரோட்டைக் கடக்கும்போதுதான் லாரியில் அடிபட்டுச் செத்தார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நீயும் ஒருவன். அன்றைக்குக்கூட அவளிடம், "அடுத்த வருஷம் வாசல் வந்துடும், இனி யாருக்கும் இப்படி ஆகாது" என்று சொன்னாய்.

ஒரே கேள்விதான். உனக்கு எப்போது தெரியும்?

எதெல்மிரா

(உன் அக்கா என்று கையெழுத்துப் போடவில்லை, கவனி.)

*

மே 5, 2022

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். பெட்டியில் விழும் ஒவ்வொரு தாளையும் நான் எண் போட்டுப் பதிவுசெய்தாக வேண்டும். உன் கடிதத்தை 'பொருள்: தூசி' என்று பதிந்திருக்கிறேன். வேறு எப்படிப் பதிவது? இனிமேல் ரொட்டிக்கடையில் கொடுத்துவிடு, நான் வாங்கிக்கொள்கிறேன். என் கடிதத்தை உன் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

இரண்டாவது, தெற்கு வாசல் ரத்தாகவில்லை. 'பிற்பட்ட கட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.' இதைப் படித்துவிட்டு நீ என்ன வார்த்தை சொல்வாய் என்பது எனக்கு இங்கேயே கேட்கிறது.

மூன்றாவது, உன் கேள்விக்குப் பதில். பிப்ரவரியில் தெரியும்.

சொல்ல எனக்கு அனுமதியில்லை, அக்கா. கம்பி ஆலையை மூடிய பிறகு எத்தனை வருடம் நான் சூப்பர்மார்க்கெட் வாசலில் காவலுக்கு நின்றேன் என்று உனக்குத் தெரியும். உட்காரக்கூட விடமாட்டார்கள். இந்த வயதில் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். வெறும் நாற்காலிக்காக வாயை மூடிக்கொண்டான் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். ஆனால் இதைக் கிளறாதே. கையெழுத்து வாங்குவது, கூட்டம் போடுவது எதுவும் வேண்டாம்.

ஞாயிறு மாலை தேநீருக்கு வரலாமா? கேக் வாங்கி வருகிறேன்.

இத்தாலோ

*

மே 16, 2022

இத்தாலோ,

பெட்டியில்தான் போடுவேன். இந்த முறை என்ன பொருள் போடுவாய்? சத்தமா, அதிர்வா?

கேக்கோடு வந்தாய். நான் கதவைத் திறக்கவில்லை. நீ கேக்கை வாசற்படியில் வைத்துவிட்டுப் போக, பக்கத்து வீட்டு நாய் தின்றது. அதுவாவது நன்றாக இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை அது எப்படித் தொடங்கியது என்பதை நீ உங்கள் ஆட்கள் சொல்லித்தான் அறிந்திருப்பாய், என் வாயாலும் கேள். பார்லரில் ஆறேழு பேர் இருந்தார்கள். சுனில்தாவின் தலையில் டை, இன்னொருத்தி தலை முழுக்கச் சுருள் கட்டை. மண் லாரிகள் வரிசையாக வந்து ஹாரன் அடித்தன, பேசுவது காதில் விழவில்லை. சுனில்தா தோளில் துண்டோடு எழுந்தாள். உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நேரே போய் உங்கள் கேட்டுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். "வாங்கடி, இங்க காத்து நல்லா வருது" என்றாள். அவ்வளவுதான். திட்டம் போட்டோம் என்று நீங்கள் சொல்வதெல்லாம் பொய். எல்லாரும் நாற்காலியோடு போனோம்.

அப்போதுதான் நீ வெளியே வந்தாய். தலையில் மஞ்சள் தொப்பி. என்னைப் பார்த்து, ஊரே நிற்க, என்ன சொன்னாய்?

"சென்யோரா, தயவுசெஞ்சு வழி விடுங்க."

சென்யோரா! உனக்கு அம்மை போட்டபோது ராத்திரி பகலாக விசிறியவள் நான். ஊர் பேர் தெரியாத அம்மணியைக் கூப்பிடுவதுபோல, நான் உனக்குச் சென்யோராவா?

தொலைக்காட்சிக்காரப் பெண் மைக்கை நீட்டினாள். "எங்களுக்கு அரண்மனை வேண்டாம்மா, ஒரு படிக்கட்டு போதும்" என்றேன். என் பேரைக் கேட்டாள், சொன்னேன். தொடர்பு அலுவலர் உங்கள் சொந்தமா என்று யாரோ கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

எதெல்மிரா

*

மே 18, 2022

அக்கா,

இல்லை என்று நீ சொன்னதை நானும் டிவியில் பார்த்தேன். கேண்டீனில், எல்லாரோடும் உட்கார்ந்து.

பொறியாளர் பெர்ரியோஸ் என்னைக் கூப்பிட்டார். சின்னப் பெண், கத்தமாட்டார், அதுதான் இன்னும் கஷ்டம். "இவங்களைச் சமாதானப்படுத்தத்தானே உங்களை வேலைக்கு வெச்சிருக்கோம், தோன் இத்தாலோ?" என்றார், பேருக்கு முன்னால் மரியாதையாகத் 'தோன்' வேறு.

சரி, என் வேலையை விடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடு. சிக்னல் விளக்கு கேள், லிஃப்ட் வைத்த நடைமேம்பாலம் கேள், வேகத்தடை கேள். அதற்கு நானே மனு எழுதித் தருகிறேன். மெட்ரோ வாசலை மட்டும் கேட்காதே. ஏன் என்று கேட்காதே. சின்ன வயதிலிருந்து நான் உன்னிடம் எதையாவது விளக்கமில்லாமல் கேட்டிருக்கிறேனா? இந்த ஒரு முறை கேட்கிறேன்.

இத்தாலோ

*

மே 19, 2022

என்ன கொடுத்தார்கள் உனக்கு? நாற்காலியோடு மேஜையும் கொடுத்தார்களா?

சுனில்தா உன் கடிதத்தைப் படித்தாள். ஆமாம், காட்டினேன். அவள் சொன்னாள்: "உன் தம்பி காசு வாங்குற ஆள் இல்லடி. பயந்தாங்கொள்ளி. ஆனா எதுக்குப் பயப்படுறான்னுதான் புரியல." உனக்காக அவளாவது பேசுகிறாள். நான் பேசமாட்டேன்.

சனிக்கிழமை மறுபடி நாற்காலி போடுகிறோம். இந்த முறை பக்கத்துத் தெருக்காரர்களும் வருகிறார்கள். காரணம் இருந்தால் எழுது. இல்லையென்றால் எழுதவே எழுதாதே.

எ.

*

மே 20, 2022

அக்கா,

எழுதிவிடுகிறேன்.

தெற்கு வாசல் வரவேண்டிய கம்பி ஆலை முற்றத்தை முதலாளி குடும்பம் போன டிசம்பரில் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டது. அவர்கள் பூமிக்கு அடியில் கார் நிறுத்த இடம் தோண்டுகிறார்கள். அங்கே இனி படிக்கட்டு ஏறி வர முடியாது. ரோட்டுக்கு அடியில் நம் பக்கம் வரும் சுரங்கப்பாதையை ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது. நடைபாதை ஓரம் வரை வந்து முட்டி நிற்கிறது. மேலே ஏற ஓர் இடம்தான் பாக்கி.

பிப்ரவரியில் பெர்ரியோஸ் வரைபடத்தை மேஜையில் விரித்தார். மாற்று இடம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டினார். யுங்கே தெரு முனை வீடு. முன்னறையில் பார்லர், பின்னால் படுக்கையறை, அதற்குப் பின்னால் எலுமிச்சை மரம். மரத்தைக்கூட ஒரு சின்ன வட்டமாக வரைந்திருந்தார்கள்.

அங்கே இருந்த யாருக்கும் அது என் அக்கா வீடு என்று தெரியாது. "வீட்டுக்காரங்க கொடுப்பாங்களா? சட்டப்படி எடுக்கலாம், ஆனா கோர்ட்டுக்குப் போனா நாள் இழுக்கும். உங்களுக்குத்தான் இங்கே எல்லாரையும் தெரியுமே" என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன்: "அந்தம்மா உயிரோட இருக்குறவரைக்கும் கொடுக்காது. கோர்ட்டு, பேப்பர், டிவின்னு வருஷக்கணக்குல இழுத்தடிக்கும். அதுகிட்ட போகாதீங்க."

அதனால்தான் ஒத்திவைத்தார்கள். என் பேச்சைக் கேட்டு. ஜூன் கடைசியில் அந்தச் சுரங்கப்பாதை முனையைக் கான்கிரீட் போட்டு மூடிவிடுவார்கள். அதுவரை யாரும் கேட்காமல் இருந்தால் போதும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு நீயே கிளம்புவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ போராடுவது உன் வீட்டை இடிப்பதற்காக. போதுமா காரணம்?

இத்தாலோ

*

ஜூன் 2, 2022

இத்தாலோ,

சனிக்கிழமை நாங்கள் நாற்காலி போடவில்லை என்பதைப் பார்த்திருப்பாய். நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாய்.

உன் கடிதம் வந்த அன்று யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் முன்முடியை இரண்டு விரல் அதிகமாக வெட்டிவிட்டேன், அவள் அழுதாள். வீட்டுக்குள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். சுவரைத் தொட்டுப் பார்த்தேன். இது என்ன பெரிய மாளிகையா? மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவர் பூஞ்சை பிடிக்கும். சமையலறைக் கதவு தாழ் போடாது. ஆனால் என்னுடையது. வாசலுக்கு எதிரே உங்கள் வேலி வந்தபோதுகூட இது போகும் என்று நான் நினைத்ததில்லை.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன். ஜூன் முடியும்வரை படுத்துக்கொள்ளலாம் என்று, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி ஷட்டரை இறக்கியும் விட்டேன். அப்போது கதவைத் தட்டியது சுனில்தா. ரோட்டைக் கடந்து மருந்துக்கடைக்குப் போகிறாளாம், எனக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்கி வரட்டுமா என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அவள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு, "அப்போ வேண்டாம் விடு. நாங்க இத்தனை வருஷம் கடக்கலையா?" என்றாள். பவுதிலியோவின் பெண்டாட்டி சொல்கிறாள் இதை! என்னிடம்!

தெருக்காரர்களைக் கூட்டிச் சொன்னபோதும் இதே கதை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். "உன் வீட்டை இடிச்சு எங்களுக்கு எதுக்கு வாசல்?" என்றார்கள். நேற்றுவரை மெட்ரோக்காரன் குடலை உருவுவேன் என்று கத்தியவர்கள் எல்லாம் திடீரென்று புனிதர்களாகிவிட்டார்கள். மறுநாளிலிருந்து பார்லருக்கு ஆள் வரவில்லை, கூச்சமாம். ஒருத்தி இறைச்சி அடைத்த எம்பனாதா சுட்டுக் கொண்டுவந்து, துக்க வீட்டில் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள். இந்த நல்லவர்களோடு இனி நான் எப்படிக் குப்பை கொட்டுவேன்? ரோட்டில் யார் கால் வைத்தாலும் ஜன்னல் வழியாக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டுமா, செத்துப்போகும்வரை?

எனக்கு உன் மேல்தான் ஆத்திரம். ஒரு மேஜையில் உட்கார்ந்து என் வாயால் நீ பதில் சொல்லியிருக்கிறாய். 'அந்தம்மா கொடுக்காது.' கொடுத்திருக்கமாட்டேன்தான், ஒருவேளை! கெட்டவளாக இருப்பதா வேண்டாமா என்பதையாவது நான் முடிவு செய்திருக்கலாம். அதைக்கூட என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பாசம் என்று பேர் வைத்திருக்கிறாய்.

எதெல்மிரா

*

ஜூன் 4, 2022

அக்கா,

நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரிகிறது. செய்யாதே.

எங்கே போவாய்? என்னிடம் இருப்பது இரண்டு அறை. உனக்கும் எனக்கும் இரண்டு நாளில் கைகலப்பு வரும். சான் எலாதியோவில் இன்று என்ன விலை என்று தெரியுமா? மெட்ரோ வருகிறது என்று சொல்லியே எல்லாம் ஏறிவிட்டது. அவர்கள் தருவதை வைத்து இங்கே ஒரு கோழிக்கூடுகூட வாங்க முடியாது. வாசலைக் கொடுத்தவள் வாசலுக்குப் பக்கத்தில் இருக்க முடியாது, புரிகிறதா?

ஆமாம், நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரோஷத்தில் அன்றைக்கே கொடுத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

அது என் அக்கா வீடு என்று பெர்ரியோஸிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் தானாக எழுத்தில் சம்மதித்தால் கான்கிரீட் போடுவதை நிறுத்தலாம் என்று பெர்ரியோஸ் சொல்கிறார். அந்தப் பேப்பரை நான் உன்னிடம் கொண்டுவரமாட்டேன். வேலை போனாலும் சரி. வேறு யாரையாவது அனுப்பிக்கொள்ளட்டும்.

இத்தாலோ

*

ஜூன் 10, 2022

தம்பி,

யாரும் வரத் தேவைப்படவில்லை. நானே போனேன். நீ வேலியில் அறிக்கை ஒட்டிக்கொண்டிருந்தபோது உனக்குப் பின்னால்தான் நடந்து உள்ளே போனேன், நீ பார்க்கவில்லை. இப்படிக் கவனமுள்ள ஆளைத் தொடர்புக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெர்ரியோஸ் பெண் காகித டம்ளரில் காபி கொடுத்தாள். தண்ணீர் மாதிரி இருந்தது, அதையும் சொன்னேன்.

"நல்லா யோசிச்சீங்களா, சென்யோரா?"

"யோசிச்சா வரவே மாட்டேன். பேப்பரை எடும்மா."

"உங்க தம்பி... நீங்க ஒருக்காலும் சம்மதிக்க மாட்டீங்கன்னு..."

"அவனுக்கு என்ன தெரியும்? வெறும் படிக்கட்டோட விட்டுடாதீங்க. லிஃப்ட் வைக்கணும். இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு முட்டி போச்சு. அதையும் அதுலயே எழுதுங்க."

எழுதினாள். 'முயற்சிக்கப்படும்' என்று எழுதினாள், அடித்துவிட்டு 'அமைக்கப்படும்' என்று எழுதச் சொன்னேன். எழுதும்போது அவள் கண் கலங்கியது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீடு போவது எனக்கு, அழுவது அவளா?

வெளியே வந்து ரோட்டு ஓரத்தில் நின்றேன். இருட்டும்வரை வீட்டுக்குள் போகாமல் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், சுனில்தாவிடம் போய் உளறாதே.

ஞாயிறு வா. சாமான் கட்ட ஆள் வேண்டும். அலமாரிக்கு மேலே இருக்கும் பெட்டிகள் எனக்கு எட்டாது. கேக் வேண்டாம், ரொட்டி வாங்கி வா.

அக்கா

*

சாந்தியாகோ
நவம்பர் 22, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிளாக்கை எடுத்துவிட்டாய், ஆனாலும் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். எனவே நீ குடிபோன கில்புவேக்குத் தபால்தான். அங்கே புது பார்லருக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டதா? போன கடிதத்தில் வானிலையைத் தவிர நீ எதையும் எழுதவில்லை. நீ வானிலை எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை நிலையம் திறந்தார்கள். உனக்கு அழைப்பிதழ் அனுப்பியிருந்தார்கள், நீ வரவில்லை. மேடையில் பெரிய மனிதர்கள் நிறையப் பேசினார்கள். உன் பேரை யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன், நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் கைதட்டவில்லை. அதைத் தவிர என்னால் வேறென்ன முடியும்?

ரிப்பன் வெட்டியதும் சுனில்தா வடக்குப் பக்கம் இறங்கி, அடியில் நடந்து, தெற்குப் பக்கம் ஏறி வந்தாள். வந்ததும் திரும்பி மறுபடி இறங்கினாள். நான் பார்க்கப் பார்க்க இப்படியே போய்ப் போய் வந்துகொண்டிருந்தாள். "என்ன தோன்யா சுனில்தா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். "போடா உன் வேலையப் பாத்துக்கிட்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் இறங்கினாள்.

என்னை இப்போது நகரத்தின் இன்னொரு கோடியில் வேறொரு நிலைய வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். மறுபடி வீடு வீடாக வண்ணப்படம். அதை விரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், இது படம்தான், வாசல் இல்லை என்று. பாதிப் பேர் தேநீர்கூடக் கொடுப்பதில்லை.

ஒரு முறை வந்து பார், அக்கா. நான் பஸ் நிலையத்துக்கு வந்து கூட்டிப்போகிறேன்.

இத்தாலோ

*

கில்புவே
டிசம்பர் 9, 2024

தம்பி,

வந்து பார்த்துவிட்டேன். சனிக்கிழமை. உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ மஞ்சள் தொப்பியோடு வந்து விளக்கம் கொடுத்து என் உயிரை எடுத்திருப்பாய்.

இங்கே பார்லர் ஈ ஓட்டுகிறது. இந்த ஊர்ப் பெண்கள் தலைமுடியைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள் போல, பார்த்தாலே தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் வருகிறாள். வேலையைவிட வாய்தான் அதிகம், அது பரவாயில்லை. வானிலை நன்றாக இருக்கிறது. போதுமா?

உங்கள் நிலையம் பற்றி. திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்குகிறது. அமைக்கப்படும் என்று எழுதி வாங்கினேன், ஓடும் என்று எழுதி வாங்க மறந்துவிட்டேன். டிக்கெட் கூண்டுக்குள் இருந்த பையனிடம் கேட்டால், "சிஸ்டத்துல போட்டுருக்கோம், சென்யோரா" என்கிறான். எந்த சிஸ்டம், யார் போட்டது, எப்போது வரும் என்று கேட்டேன். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். இதற்குப் புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது என்று நீ எனக்கு எழுத வேண்டும்.

சுனில்தாவைப் பார்க்கவில்லை, அவள் வீட்டில் இல்லை. ரயிலேறி மகளைப் பார்க்கப் போயிருக்கிறாளாம். இப்போதெல்லாம் வாரா வாரம் போகிறாளாம்.

வடக்குப் பக்கம் இறங்கினேன். வெளிச்சமான நீளமான பாதை. சுவரில் நல்ல ஓடு பதித்திருக்கிறார்கள், அதில் குற்றம் சொல்ல முடியவில்லை. தலைக்கு மேலே லாரிகள் போய்க்கொண்டிருக்கும், ஒரு சத்தமும் கேட்கவில்லை. கடைசியில் படிக்கட்டு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

மேலே வந்ததும் நின்றுவிட்டேன். என் படுக்கை இங்கே கிடந்ததா, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கமா என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். அளக்க முடியவில்லை. எல்லாமே சிமெண்டுத் தரை. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன் என்பதே குழம்பிவிட்டது.

பின்னாலிருந்து ஒருத்தி இடித்தாள். சின்ன வயது, இரண்டு கையிலும் காய்கறிப் பை, எங்கள் தெருக்காரி இல்லை.

"என்னங்க இது, வழியில நின்னுக்கிட்டு? இது என்ன உங்க வீடா? மத்தவங்க போக வேண்டாமா?"

என் வாய் உனக்குத் தெரியும். அவளுக்குக் கொடுக்கப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் பையிலிருந்து ஒரு தக்காளி உருண்டு படியில் விழுந்தது. குனிந்து எடுத்து அவள் பையில் போட்டேன். "போம்மா" என்று சொல்லிவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றேன். அவளுக்குப் பின்னால் ஜனம் ஏறி வந்துகொண்டே இருந்தது.

அக்கா